தகரப் பெட்டி மேல் வைத்த டர்ன்டேபிள்

1. ஹெட்ஃபோனுக்குள் ஒரு ஆள்

பாட்டு முடிந்த பிறகும் இசைத்தட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஊசி கடைசிக் கோட்டில் போய் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் கம்ப்யூட்டரில் அந்த இடத்தை செலக்ட் செய்து டெலிட் அடித்துவிடுவேன். அன்றும் டெலிட் அடிக்கத்தான் மவுஸை இழுத்துக்கொண்டிருந்தேன்.

டக். டக். டக்.

ஹெட்ஃபோனில் ஒரு ஆண் குரல், "ஹலோ" என்றது.

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அறையில் யாருமில்லை. கீழே நைனாவின் பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் மட்டும் வந்தது. ரெக்கார்டிங்கைப் பின்னால் இழுத்து லெவலை ஏற்றி மறுபடியும் போட்டேன்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ."

குழறிய குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தது. கையிலிருந்த பிஸ்கட்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

நான் நிவேதா. ஈசிஇ படித்துவிட்டு சென்னையில் கொஞ்ச காலம் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பார்த்தேன். உட்காருவது எனக்கு ஒத்துவரவில்லை. செஞ்சிக்கே திரும்பி வந்து, கடைத்தெருவில் நைனா கடைக்கு மேலே இருக்கிற அறையில் பழைய கல்யாண வீடியோ கேசட், ஆடியோ கேசட், இசைத்தட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுக்கிறேன். இந்த வேலையில் எனக்கு அனுபவம் அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் டர்ன்டேபிள் வாங்கி வைத்துக்கொண்டு, "அக்கா, இதை எப்படி செட் பண்றது?" என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. ஊசியின் எடை, லெவல், எர்த் வயர் என்று அவர்களுக்கு வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். எல்லாவற்றையும் தப்பாகச் செய்த ஒரு நாளைப் பற்றி இதுவரை சொன்னதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

2. காதர் பாய் வீடு

செஞ்சியைச் சுற்றி எந்த ஊரில் எந்த விசேஷம் என்றாலும் ஒரு காலத்தில் காதர் பாயின் மைக் செட்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மேல்மலையனூர் கோயில் அமாவாசை எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "ஆ" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொல்லும் வராததால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அவருடைய மகன் ரியாஸ் சென்னையில் வேலையில் இருக்கிறார். இசைத்தட்டுகள், ஆம்ப்ளிஃபயர், மைக், குழாய் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செட்டாகப் பாண்டிச்சேரியில் பழைய பொருள் சேகரிக்கிற ஒருவருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும். அதற்குள் பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவதைவிட டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு போவது சுலபம். பெட்ஷீட்டில் சுற்றி ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் ரியாஸின் அம்மா ஜெய்த்தூன். அவரைப் பார்த்த உடனே தெரிந்துவிடும், அந்த வீட்டில் பேசுவதற்கு ஒரு ஆள் போதும்.

"நீதான் பாத்திரக்கடைக்காரு பொண்ணா? வா வா. இன்னா இது, பொணத்த சுத்தறாப்ல சுத்தி எடுத்தாந்திருக்க?"

பாய் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு பெட்ஷீட்டைப் பார்த்தார், பிறகு உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

டர்ன்டேபிள் வைக்க அந்த அறையில் ஒரே ஒரு சரியான இடம்தான் இருந்தது. சுவரில் பதித்த கடப்பாக்கல் அலமாரி. கல் அசையாது, அதிராது. இந்த வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதன் மேல் பாயின் மருந்து, மாத்திரை, டயப்பர், வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் இருந்தன.

"அத மட்டும் தொடாத. எது எங்க இருக்குதுன்னு எனக்கு கண்ண மூடிக்கினே தெரியும். நீ கலைச்சா நான் செத்தேன்" என்றார் ஜெய்த்தூன்.

கட்டிலை ஒட்டி ஒரு பெரிய தகரப் பெட்டி இருந்தது. முன்பு மைக் செட் வயர் வைத்திருந்த பெட்டி, இப்போது காலி. அதன் மேல் வைத்தேன். காலித் தகரப் பெட்டி என்றால் அது ஒரு மத்தளம்தான். தெரிந்தேதான் வைத்தேன். சமாளித்துவிடலாம் என்ற திமிர்.

"சும்மா சுத்தறத பாத்துக்கினு இருக்கவா? அவரும் கேக்கட்டுமே. அவரு ஆம்ப்ளிஃபயருதான் இருக்குதே" என்றார் ஜெய்த்தூன். நல்ல யோசனையாகப் பட்டது. பாயின் பழைய ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து, பக்கத்திலிருந்த சின்ன ஸ்பீக்கரை மாட்டி, அதற்கும் ஒரு வயர் கொடுத்தேன். சுவிட்ச் போட்டதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். எர்த் சரியில்லை என்றால் அப்படித்தான் வரும். இதற்கு ஹம் என்று பெயர். ரெக்கார்டிங்கிலும் லேசாக விழுந்தது. கம்ப்யூட்டரில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். அது இரண்டாவது தப்பு.

தட்டை வைத்தேன், ஊசியை இறக்கினேன், ரெக்கார்டிங்கைத் தட்டினேன். பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஜெய்த்தூன் என்னை சமையலறைக்கு இழுத்துப்போய் டீ கொடுத்தார். டீயோடு மருமகள் வீட்டு சங்கதி முழுவதையும் கொடுத்தார். பாட்டு முடிந்து ஊசி டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அவர் பேச்சை வெட்டிவிட்டு எழுந்திருக்க யாராலும் முடியாது. ஒரு தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தால் அடுத்த கதை தயாராக இருக்கும்.

3. ஊசிக்கு எப்படிக் கேட்டது?

அந்த ரெக்கார்டிங்கைத்தான் என் அறையில் போட்டுப் பார்த்தேன். அதில்தான் அந்தக் குரல்.

பக்கத்துத் தெருவில் ஏதாவது விசேஷம் இருந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் டீ குடித்துக்கொண்டிருந்த எங்களுக்கும் கேட்டிருக்கும். தட்டிலேயே இருக்கிற குரலோ? சினிமாப் பாட்டுத் தட்டில் மைக் டெஸ்டிங்கை யார் பதிவு செய்வார்கள்? அதுவுமில்லாமல் அந்த ரெக்கார்டிங்கில் மைக்கே கிடையாது. இருந்தது ஊசி மட்டும்தான்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கீழே ஓடினேன்.

"நைனா, ஒரு தகரப் பெட்டி குடு. பெருசா."

"எதுக்கு?"

"அது மேல டர்ன்டேபிள் வெக்கணும்."

"டேபிளு மேல டேபிளா?" என்றார் நைனா. ஆனாலும் மேலே தூக்கிக் கொடுத்தார்.

பெட்டி மேல் டர்ன்டேபிளை வைத்தேன். பாட்டு முடிந்த கோட்டில் ஊசியை இறக்கி ரெக்கார்டிங் போட்டுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, "செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம்" என்று பஸ் கண்டக்டர் மாதிரி கத்தினேன். எழுந்து போட்டுப் பார்த்தால் டக் டக் சத்தத்துக்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து நான் விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன்.

 குரல் தகரத்தில் மோதுகிறது, தகரம் அதிர்கிறது, அதிர்வு டர்ன்டேபிள் வழியாக ஊசிக்குப் போகிறது. ஊசிக்கு அது பாட்டா பேச்சா என்று தெரியாது. அசைந்தால் சிக்னல், அவ்வளவுதான். பிறகு டர்ன்டேபிளை ஜன்னல் பக்கத்துக் கல் மேல் வைத்துவிட்டு அதே மாதிரி கத்திப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

அப்படியென்றால் அந்தக் குரல் பெட்டிக்குப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. சன்னமான குரல், ஜெய்த்தூனின் பேச்சைத் தாண்டி அது சமையலறைக்குக் கேட்டிருக்காது. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு கட்டில். கட்டிலில் இருந்தவருக்குப் பேச்சு வராது.

4. குரல் திருடி

அடுத்த நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜெய்த்தூனை சமையலறையில் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கேட்டார். முகம் வெளுத்துப்போனது. ஹெட்ஃபோனைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டார். 

"வெளையாடறியாம்மா?"

"இல்லம்மா, சத்தியமா. நாம டீ குடிச்சப்ப—"

"அவரு பேசி ரெண்டு வருசம் ஆச்சு. என் பேரச் சொல்லி கூப்புடல. தண்ணி வேணும்னு கேக்கல. பள்ளிவாசல் அஜரத்து வந்து பக்கத்துல ஒக்காந்து ஓதறதுக்கு எடுத்து எடுத்து குடுத்தாரு, ஒரு எழுத்து வரல. இப்ப ஒன் டூ த்ரீன்றாரா? எந்திரி நீ."

எழுந்து வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் ரியாஸிடமிருந்து போன் வந்தது.

"எங்க அம்மாகிட்ட இன்னாத்த போட்டுக் காட்ன?"

"உங்க அத்தா குரல்ணா."

"இப்பல்லாம் கொஞ்சூண்டு வாய்ஸ் இருந்தா போதும், யாரு குரல வேணாலும் கம்ப்யூட்டர்ல பண்ணலாம். எனக்கு தெரியாதுன்னு நெனச்சியா?"

"அவரோட பழைய வாய்ஸ் எனக்கு எங்கண்ணா கெடைக்கும்?"

"ஊரு பூரா இருக்குதுமா! இந்தப் பக்கம் எந்த கல்யாண வீடியோவ எடுத்தாலும் மொதல்ல எங்க அத்தாதான் மைக் டெஸ்டிங் சொல்வாரு. அந்த கேசட்டெல்லாம் யாரு ஊட்ல இருக்குது? உன் ஊட்ல."

 அவர் சொன்னது உண்மைதான். என் அலமாரியில் அடுக்கியிருந்த கேசட்டுகளில் பாதிக்கு மேல் காதர் பாயின் குரலோடு ஆரம்பிப்பவை. இந்த மாவட்டத்திலேயே அந்தக் குரலைப் போலியாகச் செய்ய வசதியான ஒரே ஆள் நான்தான். என்னிடம் இருந்த ஆதாரமே எனக்கு எதிராக நின்றது.

"ஞாயித்துக்கெழம நான் வரேன். பென் டிரைவ குடுத்துட்டு உன் மிஷின எடுத்துக்கினு கெளம்பு. எங்க அம்மா ராத்திரி பூரா அழுதாங்கன்னா அப்பால நான் மனுசனா பேசமாட்டேன்."

போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை பொருளெல்லாம் பாண்டிச்சேரிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த அறையில் அந்தக் குரலை வரவழைத்தது எது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அந்த மனிதர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பார்.

5. ஞாயிற்றுக்கிழமை

காலையிலேயே போய்விட்டேன். ரியாஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு தட்டுண்ணா. உங்க எல்லாருக்கும் முன்னாடி. ஒண்ணும் வரலன்னா நான் கெளம்பிடறேன்" என்றேன். உள்ளேயிருந்து ஜெய்த்தூன், "உடுடா, போட்டுட்டு போவட்டும்" என்றார்.

இந்தத் தடவை யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஜெய்த்தூனே மருந்துகளை எடுத்துக் கொடுக்க, கடப்பாக்கல் அலமாரியைக் காலி செய்து டர்ன்டேபிளை அங்கே வைத்தேன். ரசமட்டம் பார்த்தேன். ஊசியின் எடையைச் சரி செய்தேன். டர்ன்டேபிளிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த் வயர் இழுத்து ஸ்க்ரூவில் முறுக்கியதும் ஹம் சுத்தமாக நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல செட்டப் செய்ததில்லை.

அதே தட்டைப் போட்டேன். பாட்டு தெளிவாக ஓடியது. பாய் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. டக். டக். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை.

பாண்டிச்சேரிக்காரர் அதற்குள் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். கதவோரமாக நின்று தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுமா?" என்றார் ரியாஸ்.

"இன்னும் ஒரு தடவைண்ணா."

"எத்தன தடவ? சினிமாவா காட்ற?"

 அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? அதே தட்டு. அதே ஆம்ப்ளிஃபயர். அதே ஆள். பெட்டி இல்லை. ஆனால் பெட்டி கேட்டதுதானே, அது பேச வைக்கவில்லையே? அன்றைக்கு நாங்கள் அறையில் இல்லை. வேறென்ன? அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது என்ன?

ஹம்.

நானே என் கையால் நிறுத்திய ஹம்.

எர்த் வயரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி வயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று அந்த முனகல் திரும்பி வந்தது. வால்யூமையும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

"இன்னா இது, குளவிக்கூடு மாதிரி?" என்றார் ரியாஸ்.

"அண்ணா, பேசாதீங்க. யாரும் பேசாதீங்க."

பாயின் கண்கள் உத்தரத்தை விட்டு இறங்கின. தலை ஆம்ப்ளிஃபயர் பக்கம் மெதுவாகத் திரும்பியது. இடது கை எழுந்தது. விரல்களைச் சுருட்டி, எதையோ பிடித்திருப்பது மாதிரி, வாய்க்கு முன்னால் கொண்டுவந்தார். "ஃபூ... ஃபூ..." என்று இரண்டு தரம் ஊதினார்.

"ஹலோ."

ரியாஸின் கட்டிய கைகள் கீழே இறங்கின.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ."

ஜெய்த்தூன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ரியாஸ் என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பாண்டிச்சேரிக்காரர் கையிலிருந்த தட்டை உறையில் போடப்போய் உறைக்கு வெளியே போட்டார். ஆனால் எங்கள் எல்லோரையும்விட அதிர்ந்துபோனவர் பாய்தான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டு, கண்கள் விரிய, சுருட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெய்த்தூன் தவழ்ந்தபடியே கட்டிலருகே போனார்.

"ஏங்க. ஏங்க, இங்க பாருங்க. நான் யாரு? என் பேரு இன்னா? சொல்லுங்க."

பாய் வாயைத் திறந்தார். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஒன்... டூ... த்ரீ" என்றார்.

ஜெய்த்தூன் அழுதார். அழுதுகொண்டே, "சரி, ஒன் டூ த்ரீதான். அதான் என் பேரு. இப்ப இன்னா அதுக்கு?" என்றார்.

6. ஆம்ப்ளிஃபயர் யாருடையது?

வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. விலை பேசி முடித்தாகிவிட்டது. ரியாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். வியாபாரத்தையே நிறுத்திவிடுவார்கள், இந்தத் தட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்துவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஜெய்த்தூன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"தட்டு பூரா எடுத்துக்கோங்க. கொழாயி, தகரப் பெட்டி, எல்லாம் எடுத்துக்கோங்க. ஊட்ல நடக்க எடமில்ல. ஆம்ப்ளிஃபயரும் அந்த சின்ன ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் மட்டும் உட்டுடுங்க."

"அம்மா, செட்டாதான் பேசினோம். ஆம்ப்ளிஃபயர் இல்லாம எனக்கு எப்படி?" என்றார் பாண்டிச்சேரிக்காரர், மெதுவாக.

"அது ஆம்ப்ளிஃபயரு இல்லங்க. அது இவரு வாயி. வாய எப்டிங்க விக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் கேட்டதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. "அம்மா, பாட்டெல்லாம் போவுதேம்மா!" என்றேன்.

"பாட்டா அவர பேச வெச்சிது? அது ஓடி முடிஞ்சப்பால இல்ல பேசனாரு? பாட்டுதான் உன் கம்ப்யூட்டர்ல கெடக்குதே."

 கடைசிவரை தட்டுதான் முக்கியம் என்று நினைத்த ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

7. ஓர் அறிவிப்பு

விழுப்புரத்தில் பாய்க்கு முன்பு பயிற்சி கொடுத்த மேடத்திடம் ரியாஸும் நானும், பாய் ஒன் டூ த்ரீ சொல்வதை செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினோம். அவர் இரண்டு தரம் போடச் சொன்னார். நாமாக யோசித்துப் பேசுவது வேறு, வாழ்க்கை முழுவதும் சொல்லிப் பழகிய வாசகம் தானாக வருவது வேறு என்றார். பேச்சு போன சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்கு எண்ணிக்கை வரும், சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் வரும். எது எடுத்துக்கொடுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இவருக்கு அந்த ஹம் எடுத்துக்கொடுக்கிறது. மைக் செட்காரருக்கு அது வேலை ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

"இதே மாதிரி அவர் அடிக்கடி சொல்ற வேற வாசகம் இருக்குதா? நடுவுல ஒரு பேர் மட்டும் மாறி மாறி வர்ற மாதிரி? இருந்தா அத புடிச்சிக்கலாம்" என்று கேட்டார்.

வீட்டில் வந்து சொன்னதும் ஜெய்த்தூன் யோசிக்கக்கூட இல்லை.

"மேல்மலையனூரு! அமாவாசைக்கு அந்த கூட்டத்துல நாளு பூரா இன்னா சொல்லிக்கினு இருப்பாரு? அவங்கள காணோம், இவங்கள காணோம்னுதானே?"

ஆம்ப்ளிஃபயரைப் போட்டோம். நான் மெனக்கெட்டு ஹம் வருகிற மாதிரி வயர் கொடுத்தேன். ஹம்மை ஒழிக்க நான் படித்த படிப்புக்கு அது பெரிய அவமானம். இடது கையில் அவருடைய பழைய மைக்கை வைத்தார் ஜெய்த்தூன். பாய் ஊதினார், ஒன் டூ த்ரீ சொன்னார். ஜெய்த்தூன் காதருகே குனிந்து, "அன்பார்ந்த..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"அன்பார்ந்த... பக்தகோடிகளுக்கு... ஓர் அறிவிப்பு."

"ஓதறது வரல. பக்தகோடி வருது பாரு" என்று ஜெய்த்தூன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பரவால்ல, அல்லாவுக்கு தெரியும் இது பொழப்புன்னு. அப்பறம்?"

வாசகம் வந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் காற்று வந்தது. "... என்பவர்... எங்கிருந்தாலும்... உடனடியாக... மைக் செட் அருகில் வரவும்." ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தார்கள். ஜெய்த்தூன் தன் பெயரைத் தினமும் எடுத்துக் கொடுத்தார். அந்த இடம் காலியாகவே இருந்தது.

ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது அந்த இடம் நிரம்பியது.

"கோதண்டம்... என்பவர்... எங்கிருந்தாலும்..."

ஜெய்த்தூன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கோதண்டமா? ரெண்டு வருசமா மலம் மூத்திரம் அள்றவ நானு. கூப்புடறது கோதண்டத்தையா?"

"யாரும்மா அது?"

"கம்பம் ஏறி கொழாய் கட்றவன். தொண்டூர்க்காரன். வேலைய உட்டுட்டு நெலத்த பாத்துக்கினு கெடக்கறான்." திட்டிக்கொண்டே செல்போனைத் தேடினார். "டேய் கோதண்டம், உங்க அண்ணன் உன்ன கூப்புடறாரு... ஆமாண்டா, வாயாலதான்... குடிச்சிட்டு பேசல, நெசமாத்தான் சொல்றேன். பஸ்ஸ புடி."

அவர் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சேற்றுக் காலோடு ஓடிவந்து, கட்டிலின் காலடியில் நின்று மேல் மூச்சு வாங்க, கம்பத்து மேலிருந்து குரல் கொடுப்பது மாதிரி, "அண்ணே! லைன் ஓகேண்ணே!" என்றார். பாய் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு. அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

8. பெயர்

இதைப் படிக்கிற டர்ன்டேபிள்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டர்ன்டேபிளைத் தகரத்தின் மேல் வைக்காதீர்கள். எர்த் கொடுங்கள். ஹம் வந்தால் எங்கே இருந்து வருகிறது என்று தேடி நிறுத்துங்கள். இதையெல்லாம் இப்போதும் அப்படியேதான் சொல்கிறேன், வேலை என்றால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்குள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும்போது, வைக்க இடம் தேடுவதற்கு முன்னால் அந்த அறையில் இருக்கிற ஆள் எதைக் கேட்டுத் திரும்புகிறார் என்று பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இது தற்செயலாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் அவர் இன்றைக்கும் ஊமைதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது.

போன வாரம் போயிருந்தேன். கோதண்டம் இப்போது அடிக்கடி வருகிறார். அவரிடம் ஜெய்த்தூன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என் பேரு மட்டும் ஏண்டா வரல?"

"உங்க பேர அண்ணன் எப்பண்ணி மைக்குல சொன்னாரு? 'கோதண்டம் சீக்கிரம் வா, கோதண்டம் லைன பாரு'ன்னு என் பேருதான் நாளு பூரா. மைக்குல உங்கள கூப்புடணும்னா மொதல்ல நீங்க தொலைஞ்சி போவணும்."

ஜெய்த்தூன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போனார். சந்து முனையில் ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே, "நான் தொலைஞ்சிட்டேன்னு சொல்லு அவருகிட்ட!" என்று கத்தினார்.

கோதண்டம் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். முனகல் எழுந்தது. பாய் ஊதினார். கோதண்டம் குனிந்து, "அண்ணே, அண்ணிய காணோம்ணே" என்றார்.

பாய் கதவைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அன்பார்ந்த... பக்தகோடிகளுக்கு... ஓர் அறிவிப்பு. ஜெ..." நின்றுவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ஜெய்..."

செருப்புச் சத்தம் தடதடவென்று சந்திலிருந்து ஓடிவந்தது. ஜெய்த்தூன் முக்காடு நழுவி மூச்சிரைக்கக் கதவில் வந்து நின்றார்.

"அட, இன்னாண்ணி நீங்க! பாதி பேருக்கே ஓடியாந்துட்டீங்களே. முழுசா சொல்ல உட்டிருக்கக் கூடாதா?" என்றார் கோதண்டம்.

"உடனடியா வரணும்னு சொல்லத்தானே போறாரு" என்றார் ஜெய்த்தூன். "எப்டிடா நிக்கிறது?"